கைக்கெட்டும் தூரத்தில்

நமுனுகுலைச் சரிவிலோ தெமோதரையிலோ காலையிலிருந்து கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் கையைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருக்கும். நகத்தோரம் வெடித்து, வெடிப்புக்குள் கருங்கோடு ஓடும். தேசிக்காயைத் தேய்த்தாலும் சவர்க்காரம் போட்டாலும் அது முழுதாகப் போகாது. தேயிலைச் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கறுத்து, தோலில் பிடித்துக்கொண்ட நிறம் அது. தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாவதும் இதே வேதியியலால்தான். அந்தக் கறையால் யாருக்கும் காய்ச்சல் வராது.

இப்போது வைத்தியசாலை விடுதியில் வேலை செய்யும் ஒரு கை. நகம் வெட்டியிருக்கிறது, மாசு மறு இல்லை. நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறது. 1977இல் லண்டன் ஆய்வாளர்கள் கேஸ்வெல்லும் பிலிப்ஸும் இப்படிப்பட்ட கைகளைச் சோதித்தார்கள். நாடி பார்ப்பது, இரத்த அழுத்தம் எடுப்பது, நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது போன்ற ‘சுத்தமான’ வேலைகளுக்குப் பிறகும் தாதியரின் கைகளில் 100 முதல் 1000 வரை கிளெப்சியெல்லா பற்றீரியாக்கள் இருந்தன. அந்தக் கிருமி தோலின்மேல் இரண்டரை மணி நேரம் வரை உயிரோடு இருக்கக்கூடியது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

கறை வேறு, கிருமி வேறு. கண்ணால் பார்த்துக் கையின் சுத்தத்தைத் தீர்மானிக்க முடியாது. மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. ஏற்றுக்கொண்ட பிறகும் கைகள் அவ்வளவாகக் கழுவப்படவில்லை. ஏன் கழுவப்படவில்லை என்பதும், கழுவ வைக்க என்ன செய்ய வேண்டும் என்பதும்தான் இந்த அத்தியாயம்.

குடியிருப்போரும் வந்துபோவோரும்

தோலில் வாழும் நுண்ணுயிர்களை 1938இல் பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு வகை நிரந்தரக் குடியிருப்பாளர்கள். தோலின் ஆழ்ந்த அடுக்குகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. பெரும்பாலும் தீங்கு செய்யாதவை. இன்னொரு வகை, லயத்துக்கு வந்துபோகும் விருந்தாளிகளைப் போன்றவை. ஒருவரைத் தொட்டால் ஒட்டும், இன்னொருவரைத் தொட்டால் இறங்கும். வைத்தியசாலைத் தொற்றுகளில் பெரும்பகுதியை உண்டாக்குவது இந்த இரண்டாம் வகைதான். நல்ல வேளையாக இவை தோலின் மேற்பரப்பில்தான் இருக்கின்றன, எளிதாக அகற்றிவிடலாம்.

அகற்றும் வழிகள் இரண்டு. சவர்க்காரமும் தண்ணீரும் கிருமியைப் பெரும்பாலும் கொல்வதில்லை. எண்ணெய்ப் பசையோடு சேர்த்துப் பிரித்தெடுத்து ஓடும் நீரில் அனுப்பிவிடுகின்றன. இதற்கு 40 முதல் 60 விநாடி வேண்டும். மதுசாரம் சேர்ந்த கைத்தேய்ப்புத் திரவம், கிருமியின் மென்சவ்வைக் கரைத்து, புரதங்களின் வடிவத்தைக் குலைத்து, இருந்த இடத்திலேயே கொல்கிறது. இதற்கு 20 முதல் 30 விநாடி போதும், துடைக்கத் துணியும் வேண்டாம். தூய மதுசாரத்தைவிட 80 வீத மதுசாரம் நன்றாக வேலை செய்யும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். புரதம் உருக்குலைய நீரும் தேவைப்படுகிறது.

மதுசாரத்துக்கும் எல்லை உண்டு. கையில் இரத்தமோ மலமோ மண்ணோ கண்ணுக்குத் தெரிந்தால் சவர்க்காரமும் தண்ணீரும்தான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பற்றீரியாவின் வித்திகளை மதுசாரம் கொல்லாது. அங்கும் கழுவத்தான் வேண்டும்.

ஐந்து தருணங்கள்

எப்போது கழுவ வேண்டும்? ‘அடிக்கடி’ என்ற பதிலை யாராலும் பின்பற்ற முடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து தருணங்களை வரையறுத்திருக்கிறது. ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுக் காலில் ஆழமான காயத்தோடு ஒரு தொழிலாளி விடுதியில் படுத்திருக்கிறார். தாதி அவரிடம் வருகிறார். அவரைத் தொடுமுன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்: இது முதல் தருணம். இரத்த அழுத்தம் பார்த்தாயிற்று. அடுத்து காயக் கட்டைப் பிரித்து மருந்திட வேண்டும். கிருமிநீக்கிய வேலை தொடங்குமுன் மறுபடியும் சுத்தம்: இரண்டாவது. ஒரு நிமிடம் முன்புதானே செய்தோம் என்று தோன்றும். ஆனால் இடையில் அழுத்தமானியின் பட்டையைத் தொட்டாயிற்று. அந்தப் பட்டை விடுதியிலுள்ள எல்லாக் கைகளிலும் ஏறி இறங்கியது. காயத்தின் சீழோ இரத்தமோ படக்கூடிய வேலை முடிந்ததும் மூன்றாவது, கையுறை போட்டிருந்தாலும்கூட. நோயாளியை விட்டு விலகும்போது நான்காவது. நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டிலையோ சிறு அலுமாரியையோ சேலைன் கம்பத்தையோ மட்டும் தொட்டிருந்தால் ஐந்தாவது.

முதல் இரண்டும் நோயாளியைக் காக்கின்றன. பின் மூன்றும் தாதியையும் அடுத்த கட்டில்காரரையும் காக்கின்றன. நடைமுறையில் பின்னவையே அதிகம் பின்பற்றப்படுகின்றன. தனக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம், பிறருக்கு ஒட்டவைத்துவிடுவோமோ என்ற நினைப்பைவிட வலியது. மனித இயல்பு அது.

கையுறை இதற்கு மாற்றாகாது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போது கையில் கிருமி ஏறலாம். ஒரே கையுறையோடு நான்கு நோயாளிகளைப் பார்ப்பவர், கழுவாத கையோடு நால்வரைப் பார்ப்பவர்தான்.

வியன்னாவின் கிண்ணமும் ஜெனீவாவின் குப்பியும்

1846இல் வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த முதல் பிரிவில் 100 தாய்மாரில் ஏறத்தாழ 11 பேர் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். மருத்துவமாதுகள் பார்த்த இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ 3 பேர். மாணவர்கள் பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவ அறைக்கு வருவதை இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். 1847இல், குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்றார். சில வாரங்களில் முதல் பிரிவின் மரணங்கள் இரண்டாம் பிரிவின் அளவுக்கு இறங்கின. ஆனால் அந்த நீர் கையை எரித்தது. அவருடைய விளக்கம் சக மருத்துவர்களின் கௌரவத்தை எரித்தது. 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார்.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் கிருமிக் கோட்பாடு பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. கை கழுவ வேண்டும் என்று தெரியாத தாதியோ வைத்தியரோ உலகில் இல்லை. அப்படியிருந்தும் 1994இல் ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் டிடியே பிட்டே குழுவினர் கண்காணித்தபோது, கழுவ வேண்டிய தருணங்களில் 48 வீதத்தில்தான் கைகள் சுத்தம் செய்யப்பட்டன. வேலை அதிகமாக அதிகமாக இந்த வீதம் குறைந்தது. மிக மோசமான நோயாளிகள் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் மிகக் குறைவு.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். தீவிர சிகிச்சையில் ஒரு மணி நேரப் பராமரிப்பில் சராசரியாக 22 முறை கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தொட்டிக்கு நடந்து, கழுவி, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடத்துக்கு மேல். அதாவது மணிக்கு ஏறத்தாழ அரைவாசி நேரம் தொட்டியடியில். அப்படிக் கழுவும் தாதியால் நோயாளியைப் பார்க்க முடியாது. பழி சோம்பலின் மேலும் அறியாமையின் மேலும் விழுந்துகொண்டிருந்தது. உண்மையில் குறைந்தது நேரம்.

பிட்டேயும் மருந்தாளர் வில்லியம் கிரிஃபித்ஸும் மதுசாரத் திரவத்தைச் சிறு குப்பிகளில் அடைத்துக் கட்டிலோரத்தில் பொருத்தினார்கள். சட்டைப் பையிலும் கொடுத்தார்கள். 22 முறைக்கும் இப்போது ஏழெட்டு நிமிடம் போதும். வைத்தியசாலை ஊழியர்களின் யோசனையிலேயே கேலிச்சித்திரச் சுவரொட்டிகள் உருவாயின. கண்காணிப்பின் முடிவுகள் அந்தந்த விடுதிக்கே திருப்பிச் சொல்லப்பட்டன. 1997 முடிவில் வீதம் 66 ஆனது. வைத்தியசாலைத் தொற்று 16.9 வீதத்திலிருந்து 9.9 வீதமாக இறங்கியது.

2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்த அந்த ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. சவர்க்காரத்தால் கழுவும் பழக்கம் கூடவில்லை. கூடியது முழுக்கக் குப்பியின் புண்ணியம். தாதியரும் உதவியாளர்களும் மாறினார்கள். வைத்தியர்கள் பெரிதாக மாறவில்லை. வியன்னாவின் வாடை ஜெனீவாவிலும் கொஞ்சம் இருந்தது.

மொனராகலையின் கரும்பு

இந்த அனுபவத்தை உலக சுகாதார ஸ்தாபனம் கையிலெடுத்தது. 2005 ஒக்டோபரில் நோயாளர் பாதுகாப்புக்கான முதல் உலகளாவிய அறைகூவலாக ‘தூய பராமரிப்பே பாதுகாப்பான பராமரிப்பு’ தொடங்கியது. 2009 மே 5ஆம் திகதி ‘உயிர் காப்போம்: கைகளைத் தூய்மையாக்குவோம்’ என்ற ஆண்டு இயக்கம் வந்தது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். இரு கைகளின் ஐந்தைந்து விரல்கள். இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகளின் வைத்தியசாலைகள் அதில் இணைந்திருக்கின்றன.

இயக்கத்தின் வழிமுறைக்கு ஐந்து அங்கங்கள்: வசதி ஏற்பாடு, பயிற்சி, கண்காணித்து முடிவைத் திருப்பிச் சொல்லுதல், பணியிட நினைவூட்டல்கள், நிறுவனத்தின் மனநிலை. வரிசையில் வசதி முதலில் இருப்பது தற்செயலல்ல. தண்ணீர், சவர்க்காரம், குப்பி ஆகியவை இல்லாத இடத்தில் மற்ற நான்கும் பேச்சோடு நின்றுவிடும்.

கடையில் வாங்கும் திரவம் ஏழை நாட்டு வைத்தியசாலைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு செய்முறை காப்புரிமை இல்லாமல் வெளியிடப்பட்டது. வைத்தியசாலை மருந்தகத்திலேயே தயாரிக்கலாம். 10 லீற்றருக்கு: 96 வீத எதனோல் 8,333 மில்லிலீற்றர், 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டு 417 மில்லிலீற்றர், 98 வீத கிளிசரோல் 145 மில்லிலீற்றர், மீதிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அல்லது வடித்த நீர். கிருமியைக் கொல்வது எதனோல். கிளிசரோல் தோல் காயாமல் காக்கிறது. செம்மல்வைஸின் சுண்ணாம்பு நீரில் இல்லாமல் போனது அதுதான். ஐதரசன் பரவொட்சைட்டு, குப்பிக்குள்ளேயே தங்கிவிடக்கூடிய வித்திகளை அழிக்க. அதற்கு நேரம் கொடுக்க 72 மணி நேரம் வைத்திருந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆபிரிக்காவின் மாலி நாட்டில் இதைச் செய்து பார்த்தார்கள். உள்நாட்டுக் கரும்பிலிருந்து வந்த எதனோலைக் கொண்டு திரவம் தயாரித்து, தலைநகர் பமாக்கோவின் வைத்தியசாலையில் கொடுத்தார்கள். கைச்சுத்தம் 8 வீதத்திலிருந்து 21.8 வீதமானது. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அதே ஊழியர்கள், அதே நோயாளிகள், அதே கட்டடம். பொருள் கைக்கு எட்டியதும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஊவா மாகாண வாசகர் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். இதே மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில், பெல்வத்தையிலும் செவனகலையிலும், சீனி ஆலைகள் இருக்கின்றன. சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகைப் புளிக்கவைத்து அங்கே எதனோல் வடிக்கிறார்கள். கொவிட் காலத்தில் கைத்தேய்ப்புத் திரவத்துக்கு நாடே அலைந்தபோது, அதன் முக்கிய மூலப்பொருள் சாராயத்துக்கு மட்டும் உரியதல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஜெனீவாவின் செய்முறையில் ஆறில் ஐந்து பங்கு ஊவாவின் மண்ணிலேயே விளைகிறது.

முன்பொருமுறை வந்த இயக்கம்

உலகளாவிய சுகாதார இயக்கம் ஒன்று தோட்டங்களுக்கு வருவது இது முதல் தடவை அல்ல. இந்தியாவிலிருந்து வரும் வழியில் மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டு, அம்மைக்கும் வாந்திபேதிக்கும் தப்பி மலையேறிய மக்களுக்காகத் தோட்டத்தில் காத்திருந்தது கொக்கிப்புழு. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் இரத்தம் குடிக்கும் புழு. சோகை பிடித்து உழைக்க முடியாமல் போனவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைத்தது.

1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை, மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிக் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை நடத்தியது. மருந்து கொடுத்தார்கள், விரிவுரை நடத்தினார்கள், படம் காட்டினார்கள். மருந்து உண்டவர்கள் தேறினார்கள். பிறகு அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்து மறுபடியும் புழுவைப் பெற்றார்கள். தடுக்கத் தேவைப்பட்டது மலசலகூடம். அதற்குச் செலவழிக்கத் தோட்ட நிர்வாகங்கள் பல முன்வரவில்லை. ஒரு தடவை கொடுக்கும் மருந்து மலிவு. நிலைத்து நிற்கும் கட்டடம் செலவு.

கைச்சுத்த இயக்கத்தையும் இதே உரைகல்லில்தான் உரைக்க வேண்டும். மே 5ஆம் திகதி ஒரு பதாகை, ஒரு விரிவுரை, ஒரு புகைப்படம் என்று முடித்துவிடலாம். அது மலிவு. மே 6ஆம் திகதியும் குப்பியில் திரவம் இருக்கச் செய்வதுதான் செலவு.

மலையில் தண்ணீர்

ஊவாத் தேயிலையின் தனி வாசத்துக்குக் காரணம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையிடுக்குகளில் வீசும் வறண்ட கச்சான் காற்று. கொழும்பு ஏலத்தில் விலை ஏற்றும் அதே காற்றுதான் லயத்துப் பீலியையும் நூலாக மெலியவைக்கிறது. இதற்கு மேல் மனிதன் செய்ததும் உண்டு. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் பெருங்கசிவு ஏற்பட, பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. தண்ணீருக்காக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். இத்தகைய இடத்தில் நீர் கேட்காத கைச்சுத்த முறை ஒரு சொகுசுப் பொருளாகாது. ஆனால் குப்பி இருக்கிறதே என்று குழாயை மறந்துவிடவும் முடியாது. பிரசவ அறையின் இரத்தத்தையும் வயிற்றுப்போக்கு விடுதியின் மலத்தையும் மதுசாரம் கழுவாது.

பிரசவத்தைச் சொல்லக் காரணம் உண்டு. பாட்டிமார் காலத்தில் பிள்ளை பிறந்தது லயக் காம்பராவில், தோட்டத்து மருத்துவச்சியின் கையில். இன்று இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில் பிறக்கின்றன. தாய் சேய் உயிர்களைக் காத்த பெரிய வெற்றி இது. கூடவே ஒரு பொறுப்பும் இடம் மாறியிருக்கிறது. மடுல்சீமையிலிருந்தோ ஹல்துமுல்லையிலிருந்தோ புறப்படும் கர்ப்பிணி, தோட்டத்து டிஸ்பென்சரி, பிரதேச வைத்தியசாலை, பதுளைப் பெரியாஸ்பத்திரி என்று கை மாறிக் கை மாறிப் போகிறாள். ஒவ்வொரு படியிலும் புதிய கைகள் அவளைத் தொடுகின்றன. சங்கிலியில் எந்தக் கண்ணி அழுக்கானாலும் கிருமி அடுத்த படிக்கும் சேர்ந்தே பயணிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி இருப்பார், நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் இருக்கும். டிஸ்பென்சரியில் ஒரு மேசை, ஓர் அலுமாரி, ஒரு தொட்டி. குப்பி முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

உலக நிலையும் பெருமைப்படும்படி இல்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, நோயாளியைப் பார்க்கும் இடத்திலும் கழிப்பறையிலும் கைச்சுத்த வசதி உள்ள சுகாதார நிலையங்கள் 51 வீதம் மட்டுமே. தீவிர நோய்க்காக வைத்தியசாலையில் தங்கும் 100 பேரில், செல்வந்த நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்று பிடிக்கிறது. வந்த நோய் ஒன்று, வாங்கிப் போவது இன்னொன்று. அந்தக் கிருமி பல மருந்துகளுக்கு மசியாததாக இருந்தால், நாட்சம்பளக் குடும்பத்துக்கு ஒவ்வொரு மேலதிக நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, இழப்பு.

நோயாளியே வைத்தியரிடம் “கையைச் சுத்தம் செஞ்சீங்களா ஐயா?” என்று கேட்கலாம் என்கின்றன உலகளாவிய வழிகாட்டல்கள். நல்ல யோசனைதான். ஆனால் துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் குரல் தாழ்த்திப் பழகிய பரம்பரையில் வந்த ஒரு தாய், வெள்ளை மேற்சட்டையைப் பார்த்து அப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கேட்க வேண்டியவர்கள் வேறு: வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்கள், தொழிற்சங்கக்காரர், மாகாண சபையிலும் பிரதேச சபையிலும் பொறுப்பிலிருப்பவர்கள், தோட்டக் கம்பனியின் நலன்புரி அதிகாரிகள், ஆசிரியர்கள்.

கேள்விகளும் எளியவை. ஒவ்வொரு கட்டிலுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் குப்பி இருக்கிறதா? அது தீர்ந்தால் நிரப்புவது யார் பொறுப்பு? தொட்டியில் தண்ணீரும் சவர்க்காரமும் ஓகஸ்ட் மாதத்திலும் இருக்கின்றனவா? நோயாளியையும் துணைக்கு நிற்பவரையும் நோக்கிய அறிவித்தல் தமிழிலும் இருக்கிறதா? போன மாதம் கண்காணித்த வீதம் என்ன, அது அந்த விடுதி ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டதா?

அடுத்த மே 5ஆம் திகதி உங்கள் ஊர் வைத்தியசாலையில் விழா நடந்தால் போய்வாருங்கள். மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு விடுதிப் பக்கமும் ஒரு நடை நடந்து பாருங்கள். கை கழுவாத தாதியைக் குறை சொல்லுமுன் குழாயைத் திறந்து பாருங்கள். குப்பியை அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றும் வராவிட்டால், குறை அந்தத் தாதியின் கையில் இல்லை.